விருந்தாளிக்கு வேலை வைத்தவர்

அவர் வீட்டுக்குப் போய், காபி குடித்து, நாலு வார்த்தை பேசிவிட்டுச் சும்மா திரும்பி வந்தவர் என்று எனக்குத் தெரிந்து ஒருவர்கூட இல்லை. எதிர்வீட்டுக்காரன் என்ற முறையில் முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். வெள்ளை வேட்டியோடு உள்ளே போகிறவர் முழங்காலில் சாணியோடு வெளியே வருவார். ஆனால் முகத்தில் ஏதோ பட்டம் வாங்கியவர் போல ஒரு பூரிப்பு இருக்கும். சாணி எனக்குப் புரிந்தது. பூரிப்பு கடைசிவரை புரியவில்லை.

என் மூத்த பெண்ணின் கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்கப் போனவன், அவர் வீட்டுக் கொல்லையில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏணியின் மேல் எனக்கு முன்னால் வந்த விருந்தாளி, திருவையாற்றிலிருந்து ஏதோ கையெழுத்துக்காக வந்தவர், முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அண்ணாந்து பார்த்து, "இடது பக்கம்... அதுதான், அதுதான்... உங்க கண்ணு கண்ணுங்க!" என்று வியந்துகொண்டிருந்தார். பதினேழு காய். இறங்கி வந்தவருக்கு நாலு, எனக்கு மூன்று. மீதிப் பத்தும் அவர் வீட்டு அடுப்படிக்குப் போயின. பத்திரிகையை எப்போது கொடுத்தேன் என்பது எனக்கு நினைவில்லை.

அவருடைய வாக்கியம் ஒன்றுதான். "வந்ததே வந்தீங்க, ஒரு கை பிடிங்களேன்." அதைக் கட்டளை என்று சொல்ல முடியாது. கெஞ்சல் என்றும் சொல்ல முடியாது. கோயிலில் உங்களுக்கு மட்டும் தனியாக ஒரு மாலையை எடுத்துப் போடுகிற அர்ச்சகரின் குரல் அது. பிடித்த பிறகு இன்னொன்று வரும்: "உங்க கை பட்டாலே அது தனிங்க." அவ்வளவுதான். மின்சார மீட்டர் கணக்கெடுக்க வந்தவர் வைக்கோல் பிரித்துப் போட்டிருக்கிறார். ஓட்டுக் கேட்டு வந்த கட்சிக்காரர்கள் ஆறு பேர், டிராக்டரின் பஞ்சரான சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஓட்டுக் கேட்க மறந்து போனார்கள். அவருடைய தகப்பனார் காலமானபோது துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாட்டுக்கொட்டகைக்குப் புதுக் கீற்று வேய்ந்தார்கள். "அப்பா இருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கீற்று வேய்ந்தவர்களும் துடைத்துக்கொண்டார்கள்.

அவருடைய பெண்ணைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டாரையும் அவர் விடவில்லை. அன்றைக்கென்று கன்றுக்குட்டிக்கு மருந்து புகட்ட வேண்டியிருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் ஓய்வுபெற்ற தாசில்தார், கும்பகோணத்துக்காரர், பட்டு அங்கவஸ்திரம் போட்டவர். அவர் கன்றின் பின்னங்காலைப் பிடித்தார். மாப்பிள்ளை வாயைத் திறந்து பிடித்தார். மருந்தில் பாதி மாப்பிள்ளையின் சட்டையில். இனி இந்தச் சம்பந்தம் அவ்வளவுதான் என்று நான் நினைத்தேன். போகும்போது அந்தத் தாசில்தார் சொன்னது என் காதில் விழுந்தது: "நம்மள மூணாம் மனுஷனா நினைக்கல பாரு. இதுதாண்டா குடும்பம்." பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் மனைவியை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். ஒருநாள் அவளிடம் கேட்டேன்: "வர்றவங்க எல்லாம் இப்படி வேலை செய்யுறாங்களேம்மா, வேலையே செய்யாத ஆள்னு இந்த வீட்டுல யாராவது உண்டா?"

"ஒருத்தர் உண்டுண்ணே."

"யாரு?"

அவள் கையிலிருந்த பால் சொம்பால் ஊஞ்சல் பக்கம் காட்டினாள். அவர் ஆடிக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டில் பத்துக் கறவையை விடிகாலையில் கறந்து, இரண்டு கிடாரிக்கும் சேர்த்துத் தவிடு கலந்து, எல்லாவற்றையும் கழுவி விடுகிறவள் அவள். அவளிடம் அவர் 'ஒரு கை பிடி' என்று சொன்னதே இல்லை. அவள் விருந்தாளி இல்லையே.

இத்தனை நாள் இலவசமாக நடந்தது தொழிலானது அந்தக் கன்றுக்குட்டி மாப்பிள்ளையால். அவருக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. "மாமா, நீங்க இங்க சும்மா செய்யவைக்கிறதுக்கு அங்க காசு கொடுக்க ஆளுங்க வரிசையில நிக்கிறாங்க" என்றார். கொல்லையில் நாலு அறை கட்டினார்கள். கூரைக்குக் கீற்று, உள்ளே ஏசி. வாசலில் ஒரு பலகை. சனிக்கிழமை தோறும் பூதலூர் ஸ்டேஷனில் இறங்கியும், காரில் வந்தும் ஆட்கள் குவிந்தார்கள். கார்கள் என் வீட்டு கேட்டை மறித்துத்தான் நிற்கும். ஒருமுறை ஐந்து கார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய நான் திண்டாடிப் போனேன். அவர் வந்து, "அண்ணே, கிளம்புறதே கிளம்புறீங்க, அந்தச் சிவப்புக் காரை ஒரு தள்ளு..." என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

விருந்தாளிகள் அரைக்கால் சட்டையோடு சேற்றில் இறங்கி நாற்று நடுவார்கள். ஒரு மணி நேரம் நட்டுவிட்டு, குளித்து, இலைச் சாப்பாடு சாப்பிட்டு, தூங்கிவிடுவார்கள். பிறகு எட்டுப் பெண்கள் வந்து அத்தனை நாற்றையும் பிடுங்கி ஒழுங்காக நடுவார்கள். நடுகிற கூலியோடு பிடுங்குகிற கூலியும் அவர்களுக்கு உண்டு. "நல்ல சனங்க, இவங்க வாராவாரம் வரணும்" என்று அந்தப் பெண்கள் மனமார வாழ்த்தினார்கள்.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவர் ஒருநாள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு ஓடிவந்தார். அதில் ஒரு வீடியோ. ஏதோ ஒரு வெள்ளைக்கார தேசம். மலையடிவாரம். தொப்பி போட்ட ஆண்களும் பெண்களும் குதிரைமேல் ஏறி, புழுதி கிளப்பி, நூற்றுக்கணக்கான மாட்டை வளைத்து ஓட்டிக்கொண்டு வருகிறார்கள்.

"இவங்க யாரு தெரியுமாண்ணே? எல்லாம் விருந்தாளி! தங்க வந்தவங்க! மாட்டுக்காரன் அதோ ஓரமா நிக்கிறான் பாருங்க, சிரிச்சுக்கிட்டு."

அது உலகத்தின் இன்னொரு மூலையில் தன்னைப் போல ஒருவன் இருக்கிறான் என்று கண்டுகொண்ட மனிதனின் குரல்.

"அங்க மலை இருக்கு. இங்க என்ன இருக்கு?" என்றேன்.

"கொள்ளிடம் இருக்குல்லண்ணே!"

எங்கள் ஊர் கொள்ளிடத்தின் தென்கரை. வருஷத்தில் பாதி நாள் ஆறு வெறும் மணல். நடுவே ஒரு பெரிய திட்டு. நாணலும் கோரையுமாக மாடுகளுக்கு நல்ல மேய்ச்சல். வயலில் குறுவை நிற்கிற காலத்தில் மாட்டை ஓட்டிப் போக அதை விட்டால் வேறு இடம் கிடையாது. அவருடைய மாடுகள் பன்னிரண்டோடு ஊரில் மற்ற வீட்டு மாடுகள் பத்தொன்பதும் சேர்ந்து போகும். மொத்தம் முப்பத்தொன்று. மேய்க்கிற மாரிமுத்துவுக்குக் கூலி அவர் கொடுப்பார். மத்தியானம் அவருடைய தோப்பில் மாடுகள் படுத்து எழும்போது விழுகிற சாணி அவருக்கு. சாயங்காலம் அவரவர் வாசலில் அவரவர் மாடு நிற்க வேண்டும். ஊருக்கும் அவருக்கும் அவ்வளவுதான் ஒப்பந்தம். அவர் தகப்பனார் காலத்திலிருந்து அப்படித்தான். எழுதி வைத்ததில்லை. மீறியதும் இல்லை.

குதிரைகள் கூத்தாநல்லூரிலிருந்து வந்தன. கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு குதிரைகள். மாப்பிள்ளைகள் எல்லாம் காருக்கு மாறிவிட்டதால் அவற்றுக்கு வேலை இல்லை. வெள்ளைக் குதிரையின் பெயர் சுல்தான். பழுப்புக் குதிரைக்குப் பெயர் இருந்திருக்கும், விற்றவர் சொல்லவில்லை. தொப்பிகள் தஞ்சாவூரில் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு வேஷ சாமான் வாடகைக்கு விடுகிற கடையில் வாங்கியவை. குழந்தைகளுக்கான அளவு. பெரியவர்கள் தலையில் அவை உச்சியில் உட்கார்ந்திருக்கும்.

பத்து வருஷம் மாப்பிள்ளைகளைச் சுமந்த குதிரைக்கு ஓடத் தெரியாது என்பதை யாரும் யோசிக்கவில்லை. சுல்தான் நடக்கும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தானாக நிற்கும், ஆரத்தி எடுக்க வருவார்கள் என்று. எடுக்கவில்லை என்றால் கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகரும். எங்கள் தெருவில் இருபத்தாறு வீடு. அதைவிடப் பெரிய சங்கடம், யாராவது கைப்பேசியைத் தூக்கிவிட்டால் போதும், நாலு காலையும் சேர்த்து வைத்து, கழுத்தை வளைத்து, போட்டோவுக்கு நின்றுவிடும். கைப்பேசியைக் கீழே இறக்கும்வரை அடித்தாலும் அசையாது. வந்தவர்களோ கைப்பேசியைக் கீழே இறக்குகிற ஜாதி இல்லை.

முதல் வாரம் நாலரை மணிக்குத் தொப்பியும் குதிரையுமாகக் கிளம்பினார்கள். இரண்டு பேர் குதிரைமேல், மீதிப் பேர் டிராக்டர் டிரெய்லரில். ஆற்றங்கரைக்குப் போய்ச் சேருவதற்குள் மணி ஐந்து. ஐந்து மணிக்கு எங்கள் மாடுகள் தாமாகவே வீட்டுக்குக் கிளம்பிவிடும். யாரும் ஓட்ட வேண்டாம். மாரிமுத்து ஒரு குரல் கொடுப்பான், அவ்வளவுதான். ஒற்றைக் கொம்பு உடைந்த கிழட்டுப் பசு ஒன்று முன்னால் வர, மற்றவை பின்னால் வரும். கரையேறும் இடத்தில் விருந்தாளிகளும் மாடுகளும் எதிரெதிரே சந்தித்தார்கள். மாடுகள் அவர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒதுங்கி, கடந்து, அததன் வீட்டு வாசலில் திரும்பிக்கொண்டன.

குதிரைமேல் இருந்த பெங்களூர்ப் பெண் கேட்டாள்: "இவ்வளவுதானா அங்கிள்?"

அந்தக் கேள்வி அவரைக் குத்திவிட்டது. இதுவரை எந்த விருந்தாளியும் அவர் வீட்டிலிருந்து வேலை போதாமல் போனதில்லை.

மறுநாள் மாரிமுத்துவும் அவரும் பேசிக்கொண்டதை நான் என் வாசலிலிருந்து கேட்டேன்.

"சேந்து நிக்கிற மாட்டை எதுக்குங்கய்யா கலைக்கணும்?"

"சேக்க வர்றவங்களுக்குச் சேக்கறதுக்கு எதாவது வேணாமாப்பா?"

"கலைச்சுப்புட்டு?"

"நீ போயி டீ குடி. மிச்சத்த அவங்க பாத்துக்குவாங்க."

மாரிமுத்து சோம்பேறிதான், ஆனால் கொடுத்த வேலையைக் குறுக்குவழியில் முடிக்கத் தெரிந்தவன். முப்பத்தொரு மாட்டையும் தேடித் தேடிக் கலைக்க அவனால் ஆகாது. ஆகவே சனிக்கிழமைகளில் மூன்று மணிக்கே வீட்டுக்குக் கூப்பிடுகிற அதே குரலைக் கொடுப்பான். மாடுகள் நம்பி ஓடிவந்து கூடும். கூடியதும் கம்பை எடுத்து நாலு திசைக்கும் அடித்து விரட்டுவான். அவை திட்டின் கடைக்கோடியில் நாணலுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். பிறகு குதிரைகள் வரும், கூச்சல் வரும், டிராக்டர் ஹாரன் வரும். இருட்டுவதற்குள் மாரிமுத்துவும் அவன் சகலையும் நாணலுக்குள் புகுந்து மாடுகளை வெளியே தள்ள, விருந்தாளிகள் "ஹே, ஹே" என்று கத்திக்கொண்டு பின்னால் வருவார்கள். வெற்றி. தோப்பில் மசால்வடை.

"உங்க கை பட்டாத்தான் எங்க மாடு நகருதுங்க" என்பார் அவர்.

இரண்டு மாதத்தில் அது உண்மையாகிவிட்டது. விருந்தாளி வராத நாட்களிலும் மாடுகள் தாமாக வருவதை நிறுத்திவிட்டன. மாரிமுத்து குரல் கொடுத்தால் நின்று யோசித்தன. குதிரையைக் கண்டால் திரும்பி ஓடின. ஐந்து மணிக்கு வாசலில் நிற்க வேண்டிய மாடு ஆறரைக்கு வந்தது, ஏழுக்கு வந்தது, மூச்சிரைத்துக்கொண்டு வந்தது. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். அவரிடம் சொல்லவும் செய்தேன். "அண்ணே, நீங்க எல்லாத்தையும் எண்ணுவீங்க. எண்ணாம இருந்து பாருங்க, தூக்கம் வரும்" என்றார்.

மேலத்தெருவிலிருந்து செல்லம்மா வந்து கேட்டாள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு மாடு. அதன் பாலைப் பன்னிரண்டு வீட்டுக்கு ஊற்றித்தான் அந்தக் குடும்பம் ஓடியது. புருஷன் கட்டிட வேலையில் விழுந்து இடுப்பொடிந்து வீட்டில் கிடந்தான்.

"ஐயா, எம்மாடு மிரண்டு மிரண்டு வருதுங்க. பால் இறங்க மாட்டேங்குது. ரெண்டு வீட்டுக்கு நிறுத்திட்டேன்."

"உன் மாட்ட எத்தனை பேரு போட்டோ எடுத்துட்டுப் போயிருக்காங்க தெரியுமா? பெங்களூர்ல அதுக்கு ஒரு பேரே இருக்கு" என்று ஊஞ்சலை நிறுத்தாமல் சிரித்தார்.

"போட்டோவையாங்க கறக்குறது?" என்றாள் அவள்.

அவர் மனைவி உள்ளிருந்து வந்து அவளுக்கு ஒரு படி தவிடு கொடுத்து அனுப்பினாள்.  

ஆடி பிறந்து, மேட்டூர் நிரம்பிவிட்டது என்று பேச்சு வந்தது. ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து அறிவித்தார்கள்: கொள்ளிடத்தில் கூடுதல் தண்ணீர் திறந்துவிடப்பட்டிருக்கிறது, யாரும் ஆற்றில் இறங்க வேண்டாம், கால்நடைகளைக் கரைக்கு ஓட்டி வந்துவிடவும். தெளிவாக, இரண்டு தடவை. கைப்பேசிகளிலும் செய்தி வந்தது. நான் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"நானும் சொல்லிட்டேண்ணே. மாரிமுத்துவ அனுப்பி இப்பவே ஓட்டியாரச் சொல்லுங்கன்னு. கேட்டாத்தானே."

அவர் விருந்தாளிகளுக்கு இலை போடுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். பெங்களூரிலிருந்து ஏழு பேர், ராத்திரி லேட்டாக வந்தவர்கள், அப்போதுதான் பல் விளக்கியிருந்தார்கள்.

"இப்ப ஓட்டியாந்துட்டா சாயங்காலம் இவங்க எதச் சேக்குறதுண்ணே? ஒரு மாசம் முன்னாடியே சொல்லி வச்சிட்டு வந்திருக்காங்க. தண்ணி இங்க வர்றதுக்குச் சாயங்காலம் ஆயிடும். இன்னிக்கு நாலு மணிக்கு வேண்டாம், ஒரு மணிக்கே கிளம்பிடுவோம். ரெண்டுக்குள்ள முடிஞ்சிரும்."

"தண்ணி உன்னைக் கேட்டுக்கிட்டு வராதுப்பா."

"நீங்க ஒரு இட்லி சாப்பிடுங்க."

மாரிமுத்து பன்னிரண்டு மணிக்குப் போய், அன்றைக்குத் தோப்புக்கு ஓட்டாமல், வழக்கம்போல மாட்டைக் கூப்பிட்டு, அடித்து, கலைத்துவிட்டு வந்தான்.

ஒரு மணிக்குக் கிளம்ப வேண்டியவர்கள் இலையை விட்டு எழுந்திருக்கவில்லை. பாயசம் இரண்டாம் தடவை கேட்டார்கள். ஒருவருக்குத் தொப்பி பிடிக்கவில்லை. இன்னொருவர் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏறட்டும் என்றார். சுல்தான் இருபத்தாறு வீட்டிலும் நின்றது. மனசு கேட்காமல் நானும் பின்னாலேயே போனேன். கரைமேல் ஏறியபோது மணி இரண்டேகால்.

திட்டுக்கும் கரைக்கும் நடுவே காலையில் கணுக்கால் நனையாமல் கடந்திருக்கலாம். இப்போது பழுப்பு நிறத்தில் நுரையும் குச்சியுமாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முழங்கால் இருக்கும். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரையோரத்து எருக்கஞ்செடி ஒன்று பாதி முங்கியது.

"வாவ்! இதுவும் ப்ரோக்ராம்ல உண்டா அங்கிள்?" என்றான் சுல்தான்மேல் இருந்த பையன். எல்லோரும் கைப்பேசியைத் தூக்கினார்கள். சுல்தான் காலைச் சேர்த்து வைத்து, கழுத்தை வளைத்து நின்றது.

"கூப்பிடுப்பா" என்றார் அவர். மாரிமுத்து கைகளை வாயருகே குவித்துக் கூப்பிட்டான். நாணலுக்கு மேல் தலைகள் தெரிந்தன. ஒற்றைக் கொம்பு தெரிந்தது. மாடுகள் குரலைக் கேட்டன, கரைமேல் நின்ற குதிரைகளைப் பார்த்தன, திரும்பின. ஒழுங்காக, கற்றுக்கொடுத்தபடி, திட்டின் கடைக்கோடிக்கு ஓட ஆரம்பித்தன. தண்ணீர் எந்தப் பக்கம் ஆழமோ அந்தப் பக்கம்.

அவர் முகத்தை நான் அப்போது பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது தெரிந்தது. அதற்குள் ஊர்ப் பெண்கள் கரைக்கு ஓடி வந்துவிட்டார்கள். முன்னால் செல்லம்மா.

"எறங்கு" என்றார் அந்தப் பையனிடம்.

"என்ன அங்கிள்?"

"எறங்குடா கீழ!"

முப்பது வருஷத்தில் விருந்தாளி ஒருவரிடம் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பையன் இறங்கினான். தொப்பி விழுந்தது.

"மாரிமுத்து, குதிரைய ஊருக்குள்ள கொண்டு போ. மாட்டுக் கண்ணுல படக்கூடாது. நீயும் படாத. எல்லாரும் கரையவிட்டு ஊர்ப்பக்கமா எறங்குங்க. போங்க!"

"நாங்க ஹெல்ப் பண்றோம் அங்கிள், அதுக்குத்தானே வந்திருக்கோம்?"

"ஒரு கையும் வேணாம். போங்க!"

அவர்கள் போன பிறகு அவரே வாயைக் குவித்துக் கூப்பிட்டார். என்ன சத்தம் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு மாடும் தலை தூக்கவில்லை. தூக்குவானேன்? பிறந்ததிலிருந்து அந்தக் குரலை அவை ஊஞ்சல் பக்கத்திலிருந்துதான் கேட்டிருக்கின்றன. மனைவியைக் கூப்பிடக் கைப்பேசியை எடுத்தார். 

அதற்குத் தேவையே இருக்கவில்லை. அவர் மனைவி தவிட்டு வாளியோடு கரையேறி வந்துகொண்டிருந்தாள். அவரைத் தாண்டிப் போனாள். இடுப்புச் சேலையை இழுத்துச் செருகி, முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, வாளியைத் தட்டினாள். ஒவ்வொரு மாட்டையும் அதனதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் மாட்டை மட்டுமல்ல, ஊர் மாட்டையும்.

முதலில் வந்தது ஒற்றைக் கொம்பிதான். தயங்கி, மோந்து பார்த்து, தண்ணீரில் இறங்கியது. பின்னாலேயே மற்றவை. தண்ணீர் அவற்றின் வயிற்றைத் தொட்டது, பிறகு முதுகைத் தொட்டது. கடைசியில் வந்தவை நீந்தித்தான் வந்தன. கரையில் நின்ற பெண்கள் ஒவ்வொருவரும் தங்கள் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். அவர் தன் மனைவியின் பின்னால் அதற்குள் இடுப்பளவு ஏறிவிட்ட தண்ணீரில் போய் நின்று அவள் முந்தானையின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் அடித்துக்கொண்டு போகக்கூடாதென்றா, தான் போகக்கூடாதென்றா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"எத்தனைண்ணே?" என்று திரும்பாமலே கத்தினார்.

"இருபத்தெட்டு."

"சரியா எண்ணுங்கண்ணே."

மறுபடியும் எண்ணினேன். இருபத்தெட்டுதான்.

திட்டு மூழ்கும்வரை அவள் கூப்பிட்டாள். தொண்டை கட்டிப்போய்க் காற்றுதான் வந்தது. பெண்கள் ஒவ்வொருவராக மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். செல்லம்மா மட்டும் கையில் வெறும் கயிற்றோடு நின்றாள். போன மூன்றில் இரண்டு அவருடையவை, ஒன்று அவளுடையது.

"எம்மாடு எங்கங்கய்யா?" என்று கேட்டாள். அழவில்லை. விலாசம் கேட்பவள் போலக் கேட்டாள்.



விருந்தாளிகள் அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் இணையத்தில் எழுதியதை மாப்பிள்ளை பிறகு எனக்குக் காட்டினார். சாப்பாடு அருமை, அறை சுத்தம், மாடு சேர்க்கும் நிகழ்ச்சி பாதியில் நிறுத்தப்பட்டது, உரிமையாளரின் நடத்தை முரட்டுத்தனம். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.

மறுநாள் காலை அவர் கொட்டகையில் நின்று மனைவியிடம் கேட்டாராம்: "இதுல நல்ல கறவை எது?" வீட்டுக்காரருக்கு அது தெரியாது. அவள் இரண்டாம் ஈற்றுச் செவலையைக் காட்டினாள். காட்டிவிட்டு, "அதையா?" என்றாளாம். "அதத்தான்" என்றாராம். கன்றோடு அவிழ்த்து, அவரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவில் போனார். செவலை போக மாட்டேன் என்று காலை ஊன்றியது. இரண்டு வாலிபர்கள் பின்னாலிருந்து தள்ள ஓடி வந்தார்கள். தலையசைத்து வேண்டாமென்றார். மேலத்தெரு போய்ச் சேர அரை மணி ஆயிற்று.

சாயங்காலம் ஐந்து மணிக்குச் செவலை திரும்பி வந்துவிட்டது. தானாக, கன்றையும் கூட்டிக்கொண்டு, அவர் வாசலில் வந்து நின்று கத்தியது. அவர் கயிற்றை எடுத்துக்கொண்டு மறுபடி மேலத்தெருவுக்குப் போனார். மறுநாளும் வந்தது. மறுநாளும் போனார். கெட்டியாகக் கட்டினார்கள், அறுத்துக்கொண்டு வந்தது. இரண்டு கயிறு போட்டார்கள், முளையோடு வந்தது. ஊரில் ஒரு மாடு கூடத் தானாக வீடு திரும்பாத அந்த நாட்களில் இது ஒன்று மட்டும் மணி தவறாமல் திரும்பிக்கொண்டிருந்தது. 

கடைசியில் செல்லம்மாவே வந்தாள். "ஐயா, நீங்களும் நடக்க முடியாது, அதுவும் இருக்காது. இங்கயே கெடக்கட்டும். நான் வந்து கறந்துக்கிட்டுப் போறேன்" என்றாள்.

அப்படியே ஆயிற்று. காலையும் மாலையும் அவள் செம்பை எடுத்துக்கொண்டு வந்து, அவர் கொட்டகையில் உட்கார்ந்து தன் மாட்டைக் கறந்துகொண்டு போனாள். அதற்கான புல்லை அவரே அறுத்துக்கொண்டு வந்தார். அறுக்கத் தெரியாமல் விரலை வெட்டிக்கொண்டார். குதிரைகள் கூத்தாநல்லூருக்கே திரும்பிப் போயின. விருந்தாளிகளுக்குக் கட்டிய அறைகளில் வைக்கோல் போட்டார்கள். ஊரில் ஒரு கேலி கிளம்பியது: "பாத்தியா, கடைசியில அவளையும் வீட்டுக்கு வரவழைச்சு வேலை வாங்கிட்டாரு மனுஷன்." டீக்கடையில் இதைச் சொல்லாதவர் இல்லை. நானும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவர் காலமாகி இரண்டு வருஷம் ஆன பிறகும் சொல்கிறார்கள்.

ஆனால் என் மாடியிலிருந்து பார்த்தால் அவர் வீட்டுக் கொல்லை தெரியும். செல்லம்மா கறக்க உட்கார்ந்துவிட்டால் அவர் கொல்லைப்பக்கம் போகமாட்டார். அவள் கண்டால் ஒரு கை பிடிக்க எழுந்து வந்துவிடுவாள் என்று, புல்லுக்கட்டைத் தலையில் வைத்தபடி கொல்லைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பார். செம்பில் பால் விழுகிற சத்தம் நின்று, அவள் எழுந்து, கேட் சாத்துகிற ஓசை கேட்ட பிறகுதான் கட்டை இறக்குவார்.